உழுதவன் கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. பள்ளியில் இதைப் படித்த காலத்தில் நாங்கள் சிரித்தோம். கணக்குத் தெரியாத உழவனைப் பற்றிய கேலி என்று எண்ணினோம். பிற்காலத்தில்தான், கணக்கு நன்றாகத் தெரிந்த ஒருவன் சொல்லிய சொல் இது என்பது எனக்கு விளங்கிற்று. மாணவ நண்பர்களே, பனியனுக்குப் பெயர் பெற்ற திருப்பூர் வட்டாரத்து உழவனின் கணக்கை ஏறத்தாழ நூறாண்டுக் காலத்துக்கு இன்று உங்களுடன் சேர்ந்து புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு கிணற்றங்கரையிலிருந்து தொடங்குவோம். அவிநாசிக்கும் பெருமாநல்லூருக்கும் இடையே என் அப்பிச்சிக்கு ஒரு சிறு தோட்டம் இருந்தது. தாயைப் பெற்ற பாட்டனாரைக் கொங்கு நாட்டில் அப்பிச்சி என்று அழைப்பது வழக்கம். 1960களின் தொடக்கத்தில், விடுமுறைக்கு அங்கே செல்லும் சிறுவனாகிய என்னை விடியற்காலையில் எழுப்புவது கவலை இறைக்கும் ஓசையே. சரிவான வாரியில் எருதுகள் முன்னோக்கி இறங்கும். வடக்கயிறு இழுபட, கிணற்றிலிருந்து சால் மேலே வரும். அதன் தோல் தும்பி வழியாக நீர் வாய்க்காலில் கொட்டும். பிறகு எருதுகள் பின்னோக்கி அடி வைத்து ஏறும். ஒரு நாள் முழுதும் இறைத்தால் அரை ஏக்கர் நனைவது பெரிது. அப்பிச்சி கணக்கு எழுதியவர் அல்லர். ஆனால் எருதுத் தீவனம், கயிறு, தோல், சால், ஆள் ஆகியவற்றுக்கு இவ்வாண்டு என்ன செலவு என்று கேட்டால் தயங்காமல் சொல்வார். அந்தப் பட்டியலில் நீருக்கு மட்டும் விலை இல்லை. அது நிலத்தின் அடியில் இருந்தது. எடுப்பவன் உழைப்பே அதன் விலை.

இந்த வட்டாரம் மழை குறைந்த பூமி. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையைப் பெரும்பாலும் தன் மறுபக்கத்திலேயே பெய்வித்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது. மழை அவ்வளவாக வருவதில்லை. ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் வரை பெய்தால் உழவன் மனம் நிறைகிறான். ஆகவே, இங்குள்ளோர் நிலத்தை இரண்டாகப் பிரித்து வாழக் கற்றனர். கிணறு உள்ள இடம் தோட்டம். கிணறு இல்லாத இடம் மானாவாரிக் காடு. காங்கயம், தாராபுரம் பக்கங்களில் அந்தக் காட்டைக் கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமாகக் காத்தனர். காங்கயம் காளை என்று நாடறிந்த இனம் அந்தப் புல்லில் வளர்ந்ததே. மழை பொய்த்தாலும் மாடு காப்பாற்றும் என்பது அவர்கள் கண்ட ஏற்பாடு.

இத்தகைய தோட்டங்களில் பணப்பயிராகப் பருத்தி வந்தது. 1904-05ஆம் ஆண்டளவில் சென்னை மாகாணத்திற்குக் கம்போடியாப் பருத்தி அறிமுகமாயிற்று. கிணற்று நீரில் நன்கு விளையும் நீண்ட இழைப் பருத்தி அது. கோவை மாவட்டம் அதனை ஆவலுடன் ஏற்றுக்கொண்டது. திருப்பூர் இரயில் நிலையத்தைச் சூழ்ந்து பஞ்சு அரைக்கும் ஆலைகளும் கிட்டங்கிகளும் எழுந்தன. பனியனுக்கு முன்னரே திருப்பூர் பருத்திச் சந்தையாகத் திகழ்ந்தது என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பருத்தி பணத்தைக் கொண்டுவந்தது. அதனுடன் தரகரையும் கொண்டுவந்தது. அக்காலத்தில் பல சந்தைகளில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டுப் பேசுவார்கள். விளைவித்தவன் அருகிலேயே நிற்பான். அவனுடைய பருத்தியின் விலை அவனுக்குத் தெரியாது. பிறகு நிறுவையில் ஒரு கழிவு, மாதிரிக்கு ஒரு கைப்பிடி, மகமைக்கு ஒரு பங்கு என்று மூட்டை இளைக்கும். இந்நிலையை மாற்றுவதற்காக 1933ல் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936ல் அமைந்த ஊர் எது தெரியுமா? திருப்பூரே. சரியான எடை, வெளிப்படையான விலை என்னும் இரண்டும் உழவனின் உரிமை என்று அரசு முதன்முதலாக ஏற்றுக்கொண்ட இடங்களுள் அது ஒன்று.

ஆயினும், எடையைச் சரிசெய்த சட்டத்தால் உலக விலையைச் சரிசெய்ய இயலவில்லை. 1929ல் தொடங்கிய பொருளாதார மந்தம் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்குச் சந்தைகளைக் கவிழ்த்தது என்று வரலாற்று நூல்களில் படித்திருப்பீர்கள். அதே மந்தம் கோவை மாவட்டத்துத் தோட்டத்துக் களத்துமேட்டிலும் வந்து நின்றது. பருத்தி விலை சரிந்தது. ஆனால், பெற்ற கடனின் தொகை சரியவில்லை. நிலத்துக்குச் செலுத்த வேண்டிய கிஸ்தியும் அதற்கு ஏற்பக் குறையவில்லை. விளைபொருளின் விலை விழும்போது பழைய கடனின் பாரம் தானே கூடுகிறது என்னும் பொருளாதாரப் பாடத்தை நம் உழவர் கல்லூரியில் கற்கவில்லை, கடனில் கற்றனர். 1938ல் இராஜாஜியின் அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்து வட்டிச் சுமையைக் குறைக்க நேர்ந்தது இதனால்தான்.

இனி, கணக்கின் அடுத்த ஏட்டுக்கு வருவோம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932ல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரத்தால் கோவைப் பகுதியின் நூற்பாலைகள் பெருகின. பிறகு மின்கம்பி தோட்டங்களுக்கும் வந்தது. என் அப்பிச்சியின் கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் பொருத்திய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் குழாயிலிருந்து நீர் பாய்ந்தது. அப்பிச்சி வாய்க்கால் ஓரத்தில் அமர்ந்து வெகுநேரம் அந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சந்தையில் இரண்டு எருதுகள் விலைபோயின. கவலை வாரியில் செடி முளைத்தது.

இந்த இடத்தில் நீங்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எருதுக்குத் தீவனம் தோட்டத்திலேயே விளைந்தது. எருவும் தோட்டத்துக்கே திரும்பியது. மோட்டாருக்கு வேண்டிய மின்சாரமோ வெளியிலிருந்து வருவது; மாதந்தோறும் காசு கொடுத்துப் பெற வேண்டியது; அதன் விலையை நிர்ணயிப்பது வேறொருவர். உழைப்பு குறைந்தது உண்மை. நீர் மிகுந்ததும் உண்மை. ஆனால், உழவன் கணக்கில் அவன் கைக்கு எட்டாத செலவு ஒன்று முதன்முறையாகப் பெரிய இடம் பிடித்தது.

அதன் விளைவு 1970ல் வெளிப்பட்டது. விவசாய மின்சாரத்தின் கட்டணம் யூனிட்டுக்குச் சில பைசா உயர்த்தப்பட்டது. "பைசாவுக்கா போராட்டம்?" என்று நகரத்தில் இருந்தோர் வியந்தனர். நாம் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 30 யூனிட் செலவாகும். ஒரு பைசா உயர்ந்தால் நாளுக்கு 30 பைசா. மாதத்துக்கு 9 ரூபாய். அன்று அது அற்பத் தொகையன்று. மேலும், கிணற்று நீர் 50 அடியிலிருந்து 100 அடிக்கு இறங்கிவிட்டால் அதே நீரை மேலேற்ற இருமடங்கு மின்சாரம் வேண்டும் என்பதை இயற்பியல் படிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை குறைந்த ஆண்டில் நீர் ஆழத்துக்குச் செல்லும், விளைச்சல் குறையும், மின்கட்டணமோ அந்த ஆண்டில்தான் மிகும். மோட்டாருக்கு வாங்கிய கடனும் நிற்கும். எருதுகளை விற்றுவிட்டவன் பழைய கவலைக்குத் திரும்பவும் இயலாது.

கோவைக்கு அருகே வையம்பாளையத்தைச் சேர்ந்த நாராயணசாமி நாயுடு என்னும் உழவர் இந்த மனக்குறைக்கு நாவாக நின்றார். 1970 ஜூன் 19ஆம் நாள், திருப்பூருக்கு வடக்கேயுள்ள பெருமாநல்லூரில் திரண்டிருந்த உழவர்மீது காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. மூவர் உயிரிழந்தனர். அந்த ஊர் அப்பிச்சியின் தோட்டத்துக்கு நடந்துபோகும் தொலைவு. அன்று மாலை யாரும் மோட்டாரைப் போடவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர்கள் பேசிக்கொள்ளவும் இல்லை. வரலாறு என்பது தொலைவில் உள்ள அரண்மனைகளில் நடப்பது என்று எண்ணியிருந்த எனக்கு, அது வாய்க்கால் வரப்பிலும் நடக்கும் என்று தெரிந்த நாள் அது.

1972ல் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது, கோவை நகரத் தெருக்களை மாட்டுவண்டிகளால் நிறைத்து உழவர்கள் போராடினர். அவ்வாண்டு தமிழ்நாட்டின் வேறு பல இடங்களிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாண்டன. ஜூலை 5ஆம் நாளை உழவர் அமைப்புகள் அவர்களுடைய நினைவு நாளாகப் போற்றுகின்றன. நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் மறைந்தார். அவ்வாண்டிலேயே எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் வழங்கியது. 1990ல் கலைஞர் கருணாநிதி அரசு அதனை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கியது. மின்சாரம் என்னும் செலவுத் தலைப்பு ஏட்டிலிருந்து நீங்கிற்று. கணக்கு இனி நேராகும் என்றே பலரும் நம்பினர்.

ஆனால், நீங்கிய செலவு வேறு பெயரில் மீண்டும் வந்தது. திறந்த கிணறுகள் வற்றின. ஆழ்துளைக் கிணறுகள் 300 அடி, 600 அடி, 1,000 அடி என்று இறங்கின. துளையிடும் கூலி, இரும்புக் குழாய், நீர்மூழ்கி மோட்டார் என்று ஒவ்வொன்றும் கடன். நீர் கிடைத்தால் கடன், கிடைக்காவிட்டாலும் கடன். மின்சாரத்துக்கு விலை இல்லாமையால் நிலத்தடி நீர் விரைந்து இறைக்கப்பட்டது என்று அறிஞர்கள் கூறுவதில் உண்மை உண்டு. அதே வேளையில், விளைபொருளுக்கு உரிய விலை கிடைத்திருந்தால் உழவன் அந்தச் சலுகையை எதிர்நோக்கியே நின்றிருப்பானா என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

இதற்குள் திருப்பூரின் முகம் மாறிவிட்டது. 1920களில் சிறிய அளவில் தோன்றிய பின்னலாடைத் தொழில், 1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்கள் வரத் தொடங்கியபின் ஏற்றுமதித் தொழிலாக ஓங்கியது. இத்தொழிலை வளர்த்தவருள் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்து உழவர் மக்கள். தோட்டத்து வருமானம் போதாமையால் கம்பெனிக்கு வேலைக்குச் சென்று, தொழிலைக் கற்று, நிலத்தை அடகு வைத்தோ விற்றோ பின்னல் இயந்திரம் வாங்கியவர்கள் அவர்கள். தோட்டத்தில் பழகிய உழைப்பே அவர்களுடைய பெரிய முதல். இன்று திருப்பூர் ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள ஆடைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. அது பெருமைக்குரியது. அந்தப் பெருமையின் வேரில் வறண்ட தோட்டம் ஒன்று இருக்கிறது என்பதையும் மறத்தல் ஆகாது.

தோட்டத்திலேயே தங்கியவர்களின் கணக்கு வேறாயிற்று. பனியன் கம்பெனியில் கிடைக்கும் கூலியைக் களையெடுப்பவருக்குத் தர இயலவில்லை. ஆள் கிடைக்காத நிலத்தில் பருத்தி போய்த் தென்னை வந்தது. சாய ஆலைகளுக்கோ ஓயாமல் நீர் வேண்டியிருந்தது. 1990களில் ஊரூராக லாரிகள் வந்து கிணற்று நீரை விலைக்கு வாங்கின. என் மாமா ஒருவர் அவ்வாறு விற்றார். "சோளம் விதைத்தால் மழை வேண்டும், ஆள் வேண்டும், விலை வேண்டும். தண்ணீரை விற்றால் லாரி வந்தால் போதும், மாப்பிள்ளை" என்றார். அவருடைய கணக்கில் பிழை காண என்னால் முடியவில்லை. நான்கே ஆண்டுகளில் கிணறு வற்றியது.

விற்ற நீர் எங்கே சென்றது? துணிக்குச் சாயம் ஏற்றும்போது, சாயம் இழையில் நன்கு பற்றுவதற்காக உப்பு மிகுதியாகச் சேர்ப்பார்கள். சாயம் துணியோடு போகும். உப்பு நீரோடு வெளியேறும். அந்த நீர் நொய்யலில் கலந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தபோது நிறம் நீங்கியது. கண்ணுக்குத் தெரியாத உப்பு நீங்கவில்லை. நொய்யலின் கீழ்ப்பகுதி உழவர்களுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டப்பட்டு 1992ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, நாளடைவில் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. அணை வேண்டும் என்று கேட்ட உழவர்களே, அதன் நீரைத் தங்கள் நிலத்துக்கு விடவேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. அணையை ஒட்டிய ஊர் ஒன்றில் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கிணற்றில் நீர் நிறைந்திருந்தது. ஆடு குனிந்து மோந்து பார்த்துவிட்டு விலகிச் சென்றது.

ஆயக்கட்டு உழவர்கள் சங்கமாகக் கூடி உயர்நீதிமன்றத்தை அணுகினர். கழிவு நீரை ஒரு துளியும் ஆற்றில் விடலாகாது என்று 2006ல் ஆணை பிறந்தது. அது நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28ஆம் நாள் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடுமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. நகரம் திகைத்தது. வேலையிழந்தவர்களின் துன்பம் சிறியதன்று. இவ்வழக்கில் இரு பக்கமும் நின்றவர்கள் பெரும்பாலும் ஒரே மண்ணின் மக்கள். பல குடும்பங்களில் அண்ணன் ஆலையிலும் தம்பி ஆயக்கட்டிலும் இருந்தனர். பின்னர், கழிவு நீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையால் வடித்து, அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடுகளைச் செய்து ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. இயலாது என்று சொல்லப்பட்டது இயன்றது. ஆனால், மண்ணில் முன்னரே இறங்கிவிட்ட உப்பு எந்த ஆணைக்கும் கட்டுப்படவில்லை.

இன்றைய ஏட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். பல்லடம் வட்டாரம் கறிக்கோழிக்குப் பெயர் பெற்றது. அங்கே பல தோட்டங்களில் நீண்ட கொட்டகைகளைக் காணலாம். நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. உழவர் கொட்டகை அமைத்து, நீரும் உழைப்பும் தந்து, நாற்பது நாள் அளவுக்கு வளர்த்துக் கொடுக்கிறார். எடைக்கு ஏற்ப வளர்ப்புக் கூலி கிடைக்கிறது. சந்தை விலை வீழ்ந்தாலும் இந்தக் கூலி காக்கும் என்பது நன்மை. விலை ஏறினாலும் அவ்வளவே என்பது மறுபக்கம். தன் கொட்டகையில் வளரும் கோழிக்கு அவர் உரிமையாளர் அல்லர்; கொட்டகைக்கு வாங்கிய கடனுக்கு மட்டுமே உரிமையாளர்.

துண்டுக்கு அடியில் பேசிய பருத்தி விலை, உலக மந்தம், மின்கட்டணம், ஆழ்துளைக் கிணறு, சாயநீர், வளர்ப்புக் கூலி ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்துக் கதைபோலத் தோன்றும். கணக்காகப் பார்த்தால் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. உழவன் வாங்கும் பொருளுக்கு விலை வைப்பவர் வேறு. விற்கும் பொருளுக்கு விலை வைப்பவரும் வேறு. நெசவாலை தன் செலவைத் துணி விலையில் ஏற்றிவிடும். உழவனுக்கு ஏற்றிவைக்க இடமில்லை. ஆகவே, அவன் அதனைத் தன் கிணற்றின்மேல் ஏற்றினான், மண்ணின்மேல் ஏற்றினான், கடைசியில் தன் பிள்ளைகளின் எதிர்காலத்தின்மேல் ஏற்றினான். மிஞ்சாத உழக்கு எங்கே போயிற்று என்பதற்கு இதுவே விடை.

விடிவே இல்லையோ என்று சோர்ந்துவிட வேண்டா. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டுவந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீர் குழாய் வழியாக 1,045 குளங்களுக்கும் குட்டைகளுக்கும் வந்து நிலத்தடியை நனைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒரு தலைமுறை கேட்டது. மறு தலைமுறை உண்ணாவிரதம் இருந்தது. மூன்றாம் தலைமுறை நீரைக் கண்டது. சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் குட்டையின் கரையில் நின்றேன். நீர் இருந்தது. அருகே அப்பிச்சியின் கிணறும் இருந்தது. அதன் கவலை வாரியின் கற்கள் இன்னும் பெயரவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் ஈரம் தெரிந்தது. அந்தத் தோட்டத்தில் இப்போது உழுபவர் யாரும் இல்லை.

மாணவ நண்பர்களே, குளம் நிறைவது பாதி வேலை. கணக்கு நிறைவதே மறு பாதி. உங்களுள் சிலர் பொருளாதாரம் படிப்பீர்கள், சிலர் பொறியியல் படிப்பீர்கள், சிலர் கம்பெனி நடத்துவீர்கள், எல்லோரும் உண்பீர்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்றால், உழும் ஒருவருடைய அருகில் அமர்ந்து, ஒரே ஒரு பயிரின் வரவையும் செலவையும் தாளில் எழுதிப் பாருங்கள். நீருக்கும் அவருடைய சொந்த உழைப்புக்கும் ஒரு தொகை போட மறவாதீர்கள். கூட்டி முடித்தபின், அந்தத் தாளைக் கிழித்துவிடாமல் வைத்திருங்கள்.